ஊருக்கு வாற காசில தாய்லாந்துக்கு ரெண்டு தரம் போகலாமா?

கனடாவிலிருந்து ஒரு வாசகர், 2025 ஜனவரி 30

"ஜூலையில பிள்ளைகளோட ஊருக்கு வரலாமெண்டு கணக்குப் பார்த்தன். நாலு பேர், மூண்டு கிழமை. விசாக் காசு, வான், சிகிரியா, சஃபாரி எண்டு கூட்டினா தலை சுத்துது. அதே காசில தாய்லாந்துக்கு ரெண்டு தரம் போய் வரலாம். செங்கலடியில பிறந்த நான் இவ்வளவு குடுத்து ஏன் ஊருக்கு வரவேணும்? செலவு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க."

2025 ஜனவரி 31

தம்பி, இது பிழையான கணக்கு. மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு வளவுக்குள் ரெண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். என்னிடம் வந்து தங்குகிற ஆளின் ஒரு நாள் செலவைச் சொல்கிறேன், கேளுங்க. மின்விசிறி அறை ரெண்டு பேருக்கு 3,500 ரூபா, அப்படியென்றால் ஒருவருக்கு 1,750. காலையில் எங்கள் வீட்டுப் பிட்டும் மீன் சொதியும் 600. மத்தியானம் டவுனில் சோற்றுப் பார்சல் 400. இரவு கொத்து 900. பஸ், ஓட்டோ எல்லாம் சேர்த்து 500. தண்ணீர், தேத்தண்ணி 300. மொத்தம் 4,450. அமெரிக்க டொலர் 300 ரூபாவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அப்போ நாளுக்கு 15 டொலர்.

15 டொலருக்குத் தாய்லாந்தில் யார் மூன்று நேரம் சோறு போட்டு அறையும் தருவார்கள்?

2025 பெப்ரவரி 3

மூன்று நாளாக மனம் கேட்கவில்லை. நான் எழுதியது உண்மைதான், ஆனால் அது கல்லடியின் கணக்கு. தம்பி கேட்டது நாட்டின் கணக்கு.

போன வருஷம் ஒரு ஜெர்மன் சோடி ஐந்து நாள் எங்களிடம் இருந்தார்கள். அதில் அந்தப் பெண் ஒவ்வொரு இரவும் கொப்பியில் செலவு எழுதுவா. படுக்கை, சாப்பாடு, வழி, டிக்கட் என்று நாலு கோடு போட்டு எழுதியிருந்தா. வெளிக்கிடுகிற அன்று என்னிடம் காட்டினா. இலங்கையில் 12 நாள் படுத்த காசு ரெண்டு பேருக்கும் 180 டொலர். சிகிரியா டிக்கட் ஆளுக்கு 35, ரெண்டு பேருக்கு 70. அரை நாள் சஃபாரி, ஜீப்போடு சேர்த்து 100க்குக் கிட்ட. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு வான் 70. இந்த மூன்றும் சேர்ந்து 240. பன்னிரண்டு இரவு படுத்த காசை மூன்று பொழுதுகள் தின்றுவிட்டன.

அதைப் பார்த்த பிறகும் 15 டொலர் என்று நான் எழுதியது நியாயமில்லை. அவசரத்தில் எழுதினேன்.

2025 பெப்ரவரி 5

விசாக் காசு பற்றித் தம்பி சொன்னது சரிதான். இந்த 2025இல் கனடாக் கடவுச்சீட்டுக்கு இலங்கை 30 நாள் ஒன்லைன் அனுமதி 50 டொலர். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காசில்லை. உங்கள் மூத்தவருக்கு 14, இளையவருக்கு 9 என்கிறீர்கள். அப்போ மூன்று பேருக்கு 150 டொலர். அதே கடவுச்சீட்டோடு இந்த வருஷம் தாய்லாந்தில் இறங்கினால் 60 நாளுக்கு ஒரு சதமும் இல்லை. விமானத்தை விட்டு இறங்கமுதலே நாங்கள் 150 டொலர் பின்னுக்கு நிற்கிறோம்.

எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் தாய்லாந்து 2024 ஜூலை 15 தொடக்கம் 60 நாள் விசா இல்லாமல் விடுகிறது. அதை நம்பித்தான் நானும் மச்சானும் டிக்கட் போட்டுவிட்டோம். 16ஆம் திகதி போகிறோம். நானே போய் நானே எழுதி வருகிறேன்.

2025 பெப்ரவரி 27

நேற்று வந்து சேர்ந்தோம். களைப்புத்தான், ஆனாலும் எழுதாமல் படுக்க முடியவில்லை.

முதலில் மலிவானவை. டொன் முவாங் விமான நிலையத்திலிருந்து பேங்கொக் நகரத்துக்கு ஏ1 பஸ், 30 பாட். பாட் ஒன்று ஏறக்குறைய 9 ரூபா, அப்போ 270 ரூபா. ஹுவாலம்போங் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் ரெண்டு பேருக்கும் அறை 650 பாட். ஆற்றில் செம்மஞ்சள் கொடி கட்டிய படகு 16 பாட், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே காசு. அருண் கோவிலுக்கு அக்கரை போகிற சின்னப் படகு 5 பாட். அயுத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பு ரயில் 20 பாட்டுக்குள். அந்த ரயிலில் ஜன்னல் திறந்து, காற்றடித்து, பெண்கள் கூடையோடு ஏறிச் சாப்பாடு விற்றார்கள். வாழைச்சேனை தாண்டி வருகிற எங்கள் ரயிலில் இருக்கிற மாதிரியே இருந்தது.

தெருவில் இறைச்சியும் துளசியும் போட்டு வதக்கிய சோறு 60 பாட். மச்சானுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. எல்லாவற்றிலும் மீன் சோஸ் விடுகிறார்கள், அவர் பட்டினி கிடப்பார் என்று பயந்தேன். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் சுத்த மரக்கறி என்று விடுதிக்காரப் பெண் காட்டித் தந்தா. அதற்குப் பிறகு அவர் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்.

ஒருவருக்கு ஒரு நாள்: அறை 325, சாப்பாடு 220, வழி 80, தண்ணீரும் கோப்பியும் 60. மொத்தம் 685 பாட், அதாவது 6,165 ரூபா. கல்லடியில் 4,450.

இனி பேங்கொக் அரண்மனை. வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய் நாட்டவருக்கு இலவசம். அந்த வரிசையில் நிற்கும்போது எனக்குள் ஏதோ இறங்கியது. இத்தனை வருஷம் என் விருந்தினரிடம் "சிகிரியாவுக்குக் கட்டாயம் போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சில்லறைக் காசுக்கு ஏறிய மலை அது எனக்கு. அவர்கள் கவுண்டரில் என்ன உணர்வோடு நின்றிருப்பார்கள் என்று முதல் தரமாக விளங்கியது. 500 பாட் என்பது 15 டொலருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் சிகிரியா அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேலே.

தம்பி இங்கே பிறந்தவர். கனடாக் கடவுச்சீட்டோடு வந்தால் அவரும் அந்த 35 டொலர் வரிசையில்தான் நிற்கவேணும். அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

2025 பெப்ரவரி 28

நேற்று ஒன்று விட்டுப்போச்சு. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை போட்டால் ஒவ்வொரு தரமும் 220 பாட் வெட்டுகிறார்கள். நாங்கள் மூன்று தரம் எடுத்தோம். 660 பாட், ஒரு இரவு அறைக் காசைவிடக் கூட. எட்டு இரவுக்கும் ரெண்டு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளுக்கு 41 பாட் கூடும். 685 அல்ல, 726. போகிறவர்கள் ஒரே தரத்தில் பெருந்தொகையாக எடுங்க.

2025 மார்ச் 2

ரயில் மலிவு என்று மேலே எழுதியிருக்கிறேன். நாங்கள் பேங்கொக்கில் இருந்தபோது, பெப்ரவரி 20ஆம் திகதி, மட்டக்களப்பு-கொழும்பு ரயில் ஹபரணைக்குக் கிட்ட யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின. போனில் படம் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ரயிலில் நான் எத்தனை இரவு நித்திரை கொண்டு போயிருக்கிறேன்.

காட்டுப் பகுதியில் ரயில் மெதுவாகப் போகட்டும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் பிந்தட்டும். விருந்தினருக்கும் இனி அப்படித்தான் சொல்கிறேன்.

2025 மார்ச் 6

காஞ்சனாபுரி பற்றி எழுதவில்லையே என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறா. எழுத மனம் வரவில்லை அக்கா, அதுதான்.

பேங்கொக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனாபுரிக்கு ரயில். வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் 100 பாட். உள்ளூர்க்காரருக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. (அயுத்தயா ரயிலைப் பார்த்துவிட்டு "தாய்லாந்து ரயிலில் எல்லாருக்கும் ஒரே விலை" என்று மச்சானிடம் சொன்னது பிழை. இலங்கையில் சாதாரண ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வெள்ளைக்காரரும் நாங்களும் ஒரே காசுதான். இதில் நாங்கள் திறம்.)

யப்பானியர் 1942-43இல் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீற்றர் ரயில் பாதை அது. நகரத்துக்குள் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் மயானம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், புல்லு வெட்டி, பூ வைத்து. உள்ளே போகக் காசு இல்லை. அதே பாதையில் மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள், வாந்திபேதியிலும் பசியிலும். அவர்களுக்கு அப்படி வரிசை வரிசையாய்ப் பெயர் வெட்டிய கல் இல்லை. மச்சான் கல்லறைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடந்தார். வெயில் ஏறும்வரை வெளியே வரவில்லை.

அந்த நாளின் செலவு ஒருவருக்கு 590 பாட். பயணத்தில் மலிவான நாள் அதுதான்.

2025 மார்ச் 9

தாய்லாந்தின் மலிவுக்கு முக்கியமான காரணம் ஒன்றை ஒருவரும் இங்கே கதைக்கவில்லை. வரி. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 தொடக்கம் 18 சதவீதம். தாய்லாந்தில் 7. பெரிய ஹோட்டலில் மெனுவில் 1,000 ரூபா என்று இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேலே 18 வரி, பில் வரும்போது 1,298. பேங்கொக் தெருவில் 60 என்றால் 60தான். வெளிநாட்டுக்காரருக்கு எரிச்சல் 298 ரூபாவில் இல்லை. முதலில் ஒரு விலையைக் காட்டி மறுகா இன்னொரு விலை கேட்கிறதில்தான்.

ஒன்று சொல்லவேணும். இந்த 2025இல், வருஷத்துக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்தான் இந்த வரிக்குப் பதியவேணும். எங்களைப்போல ரெண்டு அறைக்காரருக்கு அது இல்லை. சின்ன இடத்தில் தங்கினால் அறைக் காசோடு அந்த 18 தானாகக் குறைகிறது.

2025 மார்ச் 10

வான் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டவருக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குத் திறந்தது இந்தப் பெப்ரவரி 1ஆம் திகதிதான். ஐந்து வருஷம் பழைய வானை வைத்தே ஓடினார்கள். அந்தப் பழைய வானின் விலையே ரெண்டு மடங்காய்ப் போன காலம் அது. லீசிங் கட்டுகிறவர் மலிவாக ஓட முடியாது. சாரதிமாரைக் குறைசொல்லாதீங்க.

2025 மார்ச் 28

பேங்கொக்கில் பூமி ஆடி, கட்டிக்கொண்டிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்று விழுந்துவிட்டது. சதுச்சக் பக்கம். நாங்கள் சந்தைக்குப் போன இடம். விடுதிக்காரப் பெண்ணுக்கு உடனே செய்தி அனுப்பினேன். நலம் என்று பதில் வந்தது. வேறொன்றும் எழுத மனமில்லை.

2025 ஏப்ரல் 19

"ஏசி அறை தாய்லாந்தில் 700 பாட், உங்களிடம் 5,500 ரூபாவா? ஒரே விலைக்குக் கிட்ட வருகுதே" என்று கேட்கிறார்கள். ஓம், வருகுது. ஏசி என்று வந்தால் எங்கள் அனுகூலம் பெரும்பாலும் போய்விடுகிறது. மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறியது. பெருக்கிப் பாருங்க, மூன்று மடங்குக்குக் கிட்ட. அதற்குப் பிறகு குறைத்தார்கள், இந்த ஜனவரியில் 20 சதவீதம் இறங்கியது. ஆனாலும் ராவு முழுக்க ஏசி ஓடுகிற மாதம் பில்லைக் கையில் எடுக்க மனைவி பயப்படுவா.

அதனால் விருந்தினரிடம் நான் நேராகச் சொல்கிறேன்: கடல்காற்று வருகிற முன் அறையை எடுங்க, ஏசி வேண்டாம், 2,000 ரூபா மிச்சம். முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள்.

2025 மே 11

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். கிழக்குக் கரையில் அறுகம்பேக் கடற்கரையில் ஜூலைக்கு அறை பார்த்தாராம், தாய்லாந்துத் தீவைவிடக் கூட.

மாதத்தைப் பாருங்க தம்பி. நான் இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் இந்தப் பிழை இருக்கிறது, பெப்ரவரி பேங்கொக்கையும் கல்லடியையும் காலம் பார்க்காமல் ஒப்பிட்டேன். எங்கள் கிழக்குக் கரைக்கு ஏப்ரல், மே தொடக்கம் செப்டெம்பர், ஒக்டோபர் வரை நல்ல காலம், அலை எழும்புவதும் அப்போதுதான். தாய்லாந்தின் மேற்குக் கரையில் அதே மாதங்கள் மழை, புகேட் பக்கம் விலை விழுந்து கிடக்கும். ஜூலையில் எங்கள் உச்ச விலையையும் அவர்களின் அடிவிலையையும் வைத்துப் பார்க்கிறீர்கள். ஜனவரியில் பார்த்தால் தலைகீழ்: அங்கே கூட்டம், அறுகம்பேயில் பாதிக் கடை பூட்டு.

பள்ளி விடுமுறை ஜூலைதான் என்றால், அலையில் பலகை ஓடுகிறவர்களுக்கு நடுவில் அறை எடுக்காதீங்க. பொத்துவில் டவுனில் எடுங்க. கடற்கரை ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

2025 மே 12

சஃபாரியையும் விடுங்க. பொத்துவிலில் மொனராகலை பஸ் ஏறினால் லாகுகல குளம் றோட்டோரத்தில் வரும். பின்னேரத்தில் யானைகள் புல்லுக்கு இறங்கும். பஸ் காசு மட்டும்தான். கட்டாயம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது, ஜீப்பில் போனாலும் அப்படித்தான்.

சிகிரியாவை மட்டும் விடாதீங்க. காசு போகட்டும், பிள்ளைகள் ஏறவேணும்.

2025 ஜூன் 14

மின்சாரம் மறுபடி 15 சதவீதம் ஏறிவிட்டது. அறை விலையை ஏற்றவில்லை. இந்த சீசன் முடியும்வரை ஏற்றமாட்டேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். வாசலில் தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் விலைப் பலகை போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே விலை, பிட்டும் அடக்கம், பிறகு ஒன்றும் கூடாது. அரண்மனை வரிசையில் நின்ற நாளிலிருந்து மனதில் கிடந்தது இது.

2025 ஜூலை 25

நேற்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தம். தம்பி குடும்பத்தோடு வந்து எங்கள் முன் அறையில்தான் இருந்தார். தாய்லாந்துப் பக்கத்தால் விமானம் எடுத்து, பேங்கொக்கில் நாலு நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் வந்தார்கள், வான் பிடிக்கவில்லை. ஆடி அமாவாசைச் சனத்துக்குள் இளைய பிள்ளை தகப்பனின் தோளில் இருந்து குளத்தைப் பார்த்தது. தம்பி தன் அப்பாவின் பெயருக்கு எள்ளுந் தண்ணியும் விட்டார்.

செலவுக் கொப்பியைக் கேட்டேன். பேங்கொக்கில் நாலு நாளில் போனதும் இங்கே ஒன்பது நாளில் போனதும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அங்கே பிள்ளைகளை மூன்று இடத்துக்கு டிக்கட் எடுத்துக் கூட்டிப்போனார், இங்கே கடலும் குளமும் சொந்தக்காரர் வீடும். சொந்தக்காரர் வீட்டில் தின்ற சோற்றை நானும் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது ஒப்பீடு ஆகாது. அதைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நான் ஜனவரியில் சொன்ன அளவு பெரிதில்லை. ஒரே இடத்தில் நின்றதால்தான் மிச்சம் வந்தது. ஒவ்வொரு நாளும் ஊர் மாறியிருந்தால் தம்பியின் முதல் கணக்கே சரியாயிருக்கும்.

2025 ஓகஸ்ட் 4

கல்முனையிலிருந்து ஒரு தம்பி செப்டெம்பரில் பேங்கொக் போகிறாராம், என்ன செய்யவேணும் என்று கேட்கிறார். மே 1 தொடக்கம் தாய்லாந்து வருகைப் படிவம் ஒன்லைனில் நிரப்பவேணும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்க. விமானம் டொன் முவாங்கில் இறங்கினால் ஏ1 பஸ் வாசலுக்கு வெளியிலேயே நிற்கும். 30 பாட் ஏறியபிறகுதான் வாங்குவார்கள், சில்லறையாய் வைத்திருங்க.